எங்களை எந்த வாசலில் இறக்கிவிடுவீர்கள்?

சென்னையின் புதுச் சுரங்க மெட்ரோ ஸ்டேஷனில் வண்டி நிறுத்த எவ்வளவு இடம் விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். மகள் போனில் வரைபடத்தைக் காட்டினாள். கார்களுக்குக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறது. டூவீலர்களுக்கு அதைவிடச் சின்னக் கட்டங்கள். பஸ் எங்கே நிற்கும் என்று தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன். சாலைக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், ஒரு நீலப் புள்ளி இருந்தது. அதுதானா? இல்லை, கைதவறி விழுந்த பொட்டா?

இனிமேலும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது ஐயா. இதே வரைபடத்தை நான் ஒரு முறை வாழ்ந்து பார்த்துவிட்டேன். அந்த வரைபடத்தில் என் வீட்டுக்காரரைத் தொலைத்தேன்.

அவர் பஸ் டிரைவர். இந்த ஊர் ரோட்டில் வெயிலும் மழையுமாகப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இடது தொடை எப்போதும் சூடாக இருக்கும் என்பார். ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு கிட்னி போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஜி.எச்.சில் சொன்னார்கள். அங்கே எங்களிடம் காசு வாங்கவில்லை. நர்சம்மாக்கள் அவரை "டிரைவரய்யா" என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். என் குறையெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

எங்கள் பகுதிக்கு மெட்ரோ வரப்போகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான். தோண்டுவதற்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். டீ, பிஸ்கட் கொடுத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் பெரிய வண்ணப் படம் ஒன்று நின்றது. கண்ணாடி வாசல், இரண்டு பக்கமும் மரங்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா, கைத்தடியோடு ஒரு பெரியவர். வாசலுக்கு நேராக ஒரு பஸ். அதன் கதவு திறந்திருந்தது. படியிலிருந்து ஒருத்தர் இறங்குகிற மாதிரி வரைந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து, "சார், பஸ் எங்க நிக்கும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மைக்கில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "படத்துலயே இருக்கே பெரியவரே, வாசல்லயேதான்" என்றார். மண்டபமே சிரித்தது. இவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படத்தில் பஸ்ஸை வரைந்த கை யாருடையது? அந்த ஆள் சம்பளத்துக்கு வரைந்தவர், அவரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைக் காட்டி எங்கள் வாயை அடைத்தவர்களுக்குத் தெரியாதா, அப்படி ஒரு பஸ் வரப்போவதில்லை என்று?

பிறகு தோண்ட ஆரம்பித்தார்கள். சுரங்க ஸ்டேஷன் என்றால் சும்மாவா? ரோட்டையே பிளந்து, பக்கவாட்டில் சுவர் இறக்கி, பெட்டி மாதிரி ஒரு பள்ளம் எடுத்து, அதன் மேல் மூடி போட்டுத் திரும்ப ரோடு போடுகிற வேலை. வருஷக்கணக்காகத் தகரத் தடுப்புக்குள் நடக்கும். அந்த வேலையில் முதல் நாளே விரட்டப்பட்டது எது தெரியுமா? பஸ் ஸ்டாப். கார் எங்காவது வளைந்து நெளிந்து போய்விடும். பஸ்தான் சுற்றுவழி போக வேண்டும். நிழற்குடையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 'தற்காலிக நிறுத்தம்' என்று ஒரு தகரப் பலகையை சிக்னல் தாண்டி நட்டார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு நல்லது வருகிறது, பொறுத்துக்கொள்வோம் என்றோம். வீட்டில் துணி காயப்போட முடியாது. பாத்திரத்தில் தூசி. ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் சத்தத்தில் கட்டில் அதிரும். மழை பெய்தால் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர். நாங்கள் பொறுத்தோம். பஸ்ஸில் போகிறவர்கள் பொறுத்தது போல இந்த ஊரில் வேறு யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் முதன்முதலாக சுரங்க ரயில் ஓடியது 2017 மே மாதம், திருமங்கலத்துக்கும் நேரு பார்க்குக்கும் நடுவில். மறு வருஷம் மே மாதம் சென்ட்ரலைத் தொட்டது. 2019 பிப்ரவரியில் முதல் கட்டம் 45 கிலோமீட்டரும் முடிந்தது. நாங்கள் தேதியை எண்ணிக்கொண்டிருந்தோம், மற்றவர்கள் கல்யாணத் தேதியை எண்ணுகிற மாதிரி. சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ஜி.எச்.! குலுக்கல் கிடையாது, வெயில் கிடையாது, லிஃப்ட் உண்டு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் ஊரையெல்லாம் ஏத்திக்கினு போனேன். இப்ப என்னை ஏத்திக்கினு போறதுக்கு ஒரு வண்டி வந்துடுச்சு."

எங்கள் ஸ்டேஷன் எது என்று சொல்லமாட்டேன். பெயரைச் சொன்னால், அந்த ஒரு இடத்தின் குறை என்று கோப்பை மூடிவிடுவீர்கள். நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவள். கோப்பை எப்படி மூடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

திறந்த அன்றைக்கு இரண்டு பேரும் போனோம். உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சுத்தம். கண் தெரியாதவர்களுக்குத் தரையில் மஞ்சள் புடைப்புக் கல். சக்கர நாற்காலி. பெரிய லிஃப்ட். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு குறையும் இல்லை ஐயா. குறையெல்லாம் மேலே, ரோட்டில் இருந்தது.

லிஃப்ட் இருக்கிற வாசலுக்கு முன்னால், படத்தில் பஸ் நின்ற அதே இடத்தில், கார் பார்க்கிங். பஸ் ஸ்டாப்? சிக்னலுக்கு அந்தப் பக்கம் நட்ட தகரப் பலகை நட்ட இடத்திலேயே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. வெயிலில் எழுத்து வெளுத்துவிட்டது. எங்கள் தெருமுனையில் ஏறுகிற பஸ் அந்த ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் போகிறது, ஆனால் நிற்காது. ஜன்னல் வழியாக ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக வேண்டும். நானூறு மீட்டர் தள்ளி இறங்கி, திரும்பி நடக்க வேண்டும். நடுவில் சென்டர் மீடியனில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி. கம்பி முடிகிற இடத்தில்தான் ரோட்டைக் கடக்கலாம். நடைபாதையின் விளிம்பு முக்கால் அடி உயரம். நல்ல காலோடு இருப்பவனுக்கு அது ஒரு எட்டு. டயாலிசிஸ் முடித்து வருகிறவனுக்கு?

டயாலிசிஸ் முடிந்து வருகிற மனிதரை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப ஏற்றுகிறார்கள். எழுந்தால் பிரஷர் இறங்கும், தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருப்பார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே ரத்தம் 'ர்ர்ர்' என்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையை யாரும் பிடித்து இழுக்கக்கூடாது, அந்தக் கையில் பை மாட்டக்கூடாது. தாகம் எடுக்கும், இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது. சென்ட்ரலிலிருந்து எங்கள் ஸ்டேஷன் வரைக்கும் ஏ.சி.யில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். லிஃப்டில் மேலே வருவார். வெளியே வந்தால் பகல் ஒரு மணி வெயில். எதிரில் வரிசையாகக் கார்கள். அதற்கப்பால் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் பஸ் போய்க்கொண்டிருக்கும்.

பார்க்கிங்கின் முனையில் ஒரு சிமென்ட் கட்டை உண்டு. அங்கே உட்காருவார். செக்யூரிட்டி வந்து, "பெரியவரே, வண்டி ரிவர்ஸ் எடுக்கணும், எழுந்திருங்க" என்பான். அவன் வேலை அது. எழுந்திருப்பார். அப்போதும் அந்த மனிதருக்கு டிரைவர் புத்தி போகவில்லை. நின்றபடியே பார்க்கிங்கைக் கண்ணால் அளப்பார். "இந்தாம்மா, இங்க பாரு. பன்னெண்டு மீட்டர் வண்டி இது நீளத்துல மூணு நிக்கலாம். உள்ள நுழைஞ்சு, ஆளை இறக்கி, வெளிய வர ஒரு நிமிஷம் போதும். காலைல ஒம்பது மணிக்கு வந்து நிக்கிற கார் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் நகரும். ஒரு ஆளுக்காகப் பத்து மணி நேரம் இந்த இடத்தைப் பூட்டி வச்சிருக்கான்." இதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

அவர் சொன்னதை வைத்து மகள் கணக்குப் போட்டாள். நீங்களும் போட்டுப் பாருங்கள். நாலு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் 1,200 பேருக்கு மேல் ஏறலாம். அந்த 1,200 பேரும் ஆளுக்கு ஒரு காரில் வந்தால் என்ன ஆகும்? ஒரு கார் நிற்க 5 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். வந்து போகிற வழியையும் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு, ஏறக்குறைய 25 சதுர மீட்டர். 1,200 காருக்கு 30,000 சதுர மீட்டர். ஏழு ஏக்கருக்கு மேல்! ஒரே ஒரு ரயிலுக்கு! அடுத்த ரயில் சில நிமிஷத்தில் வந்துவிடுமே, அதற்கு எங்கே போவீர்கள்? அதே 1,200 பேரை பஸ்ஸுக்கு 60 பேர் என்று ஏற்றினால் இருபது பஸ். ஒன்று போக ஒன்று வர, மூன்று வண்டி நிற்கிற இடமே போதும். இன்ஜினியரிங் படித்த உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? பத்தாவது தாண்டாத பஸ் டிரைவருக்குத் தெரிந்ததே!

ஆட்டோவில் போயிருக்கலாமே என்பீர்கள். போனோம். பக்கத்தில்தானே என்று எந்த ஆட்டோவும் மீட்டரில் வராது. கிட்டத்து சவாரி என்றால் அதற்கு ஒரு தனி ரேட். பென்ஷனில் மருந்து, வாடகை, பேத்தி பள்ளிக்கூடம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? இலவசமாகக் கிடைக்கிற டயாலிசிஸுக்குப் போய்வர, அந்த நானூறு மீட்டருக்கு, நாங்கள் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். மாசக் கடைசியில் அவர் என் முகத்தைப் பார்ப்பார். பர்ஸைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "இன்னைக்கு வேணாம்மா. உடம்பு நல்லாதான் இருக்கு. அடுத்த முறை சேத்துப் பண்ணிக்கலாம்" என்பார். டயாலிசிஸைச் சேர்த்துப் பண்ண முடியுமா? வீட்டுச் சாமான் வாங்குகிற விஷயமா அது? முதலில் கால் வீங்கியது. அப்புறம் முகம். கடைசியில் படுக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். ராத்திரி முழுக்க சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள்.

போய்விட்டார்.

இறப்புச் சான்றிதழில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் சிறுநீரகம் என்று எழுதியிருக்கிறது. டாக்டர் அவருக்குத் தெரிந்ததை எழுதினார். இரும்புக் கம்பியை, முக்கால் அடி விளிம்பை, நிற்காமல் போன பஸ்ஸை எழுத அதில் இடமில்லை. ரோடு போட்டவன் கொன்றான் என்று நான் போலீசுக்குப் போக முடியுமா? எந்தச் சட்டத்தில் புகார் எழுதுவது? யார் மேல்? ஒருத்தர் கையும் அவர் மேல் படவில்லை. ஒரு காரும் இடிக்கவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். எல்லாரும் அவரவர் எல்லைக்குள் இருந்தார்கள். நடுவில் ஒரு மனிதர் வெயிலில் நின்றார்.

அவர் இருக்கும்போதே நான் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரு அலுவலகம், ஸ்டேஷன் வளாகத்துக்கு வெளியே எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது. இன்னொன்று, ரோடு எங்களுடையதல்ல என்றது. மூன்றாவது, சாலையில் இடம் ஒதுக்கித் தந்தால் பஸ்ஸை நிறுத்த ஆட்சேபணை இல்லை என்று எழுதியது. யார் ஒதுக்க வேண்டும்? முதல் இரண்டு பேர்! ஒருத்தர் மேல் ஒருத்தர் கை காட்டி முடிவதற்குள் இவர் போய்விட்டார். அவர் பெயரில் வந்த கடைசிப் பதிலைப் பிரித்தபோது சுவரில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தேன். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' பரிசீலியுங்கள் ஐயா. நிதானமாகப் பரிசீலியுங்கள். கோரிக்கை வைத்தவருக்கு இனி அவசரமில்லை.

இந்தக் கைகாட்டல் விளையாட்டை நிறுத்தத்தானே சட்டம் போட்டீர்கள்? பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர சென்னைக்கென்று ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், கும்டா என்கிறார்கள், அதற்கு 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் குழுமம் முதல் கூட்டம் கூடியது எப்போது? 2022-ல். பன்னிரண்டு வருஷம்! அதற்குள் எத்தனை ஸ்டேஷன் கட்டி முடித்துவிட்டீர்கள்? எத்தனை வாசல் வைத்துவிட்டீர்கள்? சுவர் எழுந்த பிறகு கூடிப் பேசி எந்தச் சுவரை நகர்த்துவது?

மத்திய அரசு 2017-ல் மெட்ரோ ரயில் கொள்கை என்று ஒன்று போட்டது. மகள் படித்துக் காட்டினாள். ஸ்டேஷனைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் மக்கள் எப்படி வந்து சேருவார்கள், இணைப்பு பஸ் எது, நடக்கிற வழி எது, சைக்கிள் வழி எது என்று திட்ட அறிக்கையிலேயே மாநிலங்கள் உறுதி கொடுக்க வேண்டுமாம். ஐந்து கிலோமீட்டர்! எனக்கு அவ்வளவு வேண்டாம். நான் கேட்டது நானூறு மீட்டர். அதற்கும் முன்னால், 2006-லேயே தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை வண்டிக்கு இடம் தேடாதே, மனுஷனுக்கு இடம் தேடு என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. எழுதுகிற வேலை எதுவும் நின்றுபோகவில்லை. பேப்பரில் இந்த நாடு எவ்வளவு கருணையுள்ள நாடு தெரியுமா? ரோட்டில் இறங்கும்போதுதான் எங்கேயோ இடறுகிறது.

வண்டி நிறுத்தவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். என் மகளே ஸ்கூட்டியை அங்கேதான் விடுகிறாள். ஹேண்டில் பாரோடு ஹேண்டில் பார் பின்னிக்கொண்டு, ஒன்றை எடுத்தால் நாலு சாயும். ராத்திரி பத்து மணிக்கு வேலை முடித்து வந்து, மூலையில் லைட் இல்லாத இடத்தில் தன் வண்டியைத் தேடி, இடுக்கிலிருந்து உருவி எடுப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிடும். அவள் ஏன் வண்டியில் போகிறாள்? ஆசைக்கா? ஸ்டேஷனில் நிற்கிற பஸ் இருந்தால் போவாளா? இன்றைக்கு அங்கே வண்டி விடுகிறவர்களில் பாதிப் பேர் பஸ் கிடைக்காததால் கடன் வாங்கி வண்டி வாங்கினவர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். அவர்களுக்கும் இடம் கொடுங்கள். பின்பக்கம் கொடுங்கள், பக்கத்துத் தெருவில் கொடுங்கள், கடைசி ஸ்டேஷனில் தாராளமாகக் கொடுங்கள். கார் வைத்திருப்பவர் இருநூறு மீட்டர் நடந்தால் அவருக்கு நல்லதுதான், டாக்டரே நடக்கச் சொல்கிறார். ஆனால் வாசலை யாருக்குக் கொடுப்பது? நடந்து வருகிறவருக்கா, சக்கர நாற்காலிக்கா, பஸ்ஸிலிருந்து இறங்குகிற கிழவிக்கா? அவர்களுக்கெல்லாம் முன்னால் காருக்கா? அதைத்தான் கேட்கிறேன்.

2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த பஸ்ஸில்தான் துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கின பெண்கள் வருகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். அவர்களைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருட்டில் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் கண்ணாடி வாசலில் கோலம் போட்டு மகளிர் தினம் கொண்டாடுகிறீர்களே, மனசு உறுத்தவில்லையா? பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 2025-ல் செயலியும் வந்துவிட்டது. போனுக்குள்ளே பஸ்ஸும் மெட்ரோவும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. தரையில் நடுவில் கம்பி.

முடியாத வேலை என்றால் விட்டுவிடலாம். முடிகிறதே! மாம்பலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் 2023-ல் ஆகாய நடைபாலம் போட்டீர்களே? அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டி ஜனங்கள் மேலேயே நடந்து வருகிறார்கள். மனசு வைத்ததும் வழி வந்தது. மனசு வைக்காத இடத்தில் என்ன ஆயிற்று? அதே வருஷம் டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தீர்கள். அவ்வளவு பெரிய நிலையம், பக்கத்திலேயே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்றைக்கு இறங்க ஒரு ரயில்வே ஸ்டேஷன் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற குடும்பம் மூட்டையும் குழந்தையுமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றதை டி.வி.யில் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே பஸ் வந்தது, ரயில் இல்லை. எங்களுக்கு ரயில் வந்தது, பஸ் இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் யோசிக்க இத்தனை பெரிய ஊரில் ஒரு ஆள் கிடையாதா?

இப்போது இரண்டாம் கட்டம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய், 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். மாதவரத்திலிருந்து சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். ஊரின் பாதி ரோடு தகரத் தடுப்புக்குள் இருக்கிறது. மயிலாப்பூரில், பனகல் பார்க்கில், புரசைவாக்கத்தில் நடக்கிறவர்கள் இன்றைக்கு அந்தத் தகரத்தை உரசிக்கொண்டு நடக்கிறார்கள். எங்களை மாதிரியே, நல்லது வருகிறது என்று பொறுத்துக்கொண்டு. அந்தத் தடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அதற்குள்ளே இன்னொரு டிரைவரின் சிமென்ட் கட்டை தயாராகிக்கொண்டிருக்கிறதோ? அங்கே எந்தப் பெரியவர் எழுந்து நின்று, "பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டு, மண்டபம் சிரிக்க உட்கார்ந்தாரோ?

இதை எழுதுவதால் என் வீட்டுக்காரர் திரும்பி வரப்போவதில்லை. நஷ்டஈடு கேட்கவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒன்றே ஒன்று கேட்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஸ்டேஷன் பற்றி மனு போட்டேன். கார் எத்தனை நிற்கும், டூவீலர் எத்தனை நிற்கும் என்ற கேள்விக்குக் கடைசி இலக்கம் வரை சுத்தமாகப் பதில் வந்தது, கையெழுத்தும் முத்திரையும் போட்டு. பஸ் எத்தனை நிற்கும் என்ற கேள்விக்கு, 'அத்தகைய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று வந்தது. தகவல் இல்லை என்றால் யாரும் எண்ணவே இல்லை என்றுதானே அர்த்தம்? புது ஸ்டேஷனுக்கும் கார் கணக்கு வந்துவிட்டது, பார்த்தேன். வாசலில் பஸ் எத்தனை நிற்கும்? லிஃப்டிலிருந்து பஸ் படிக்கு எத்தனை மீட்டர்? அந்த இரண்டு எண்ணையும் வரைபடத்தில் எழுதி, அதற்குப் பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தை அடியில் போட்டு, ஸ்டேஷன் வரப்போகிற ரோட்டிலேயே, தகரத் தடுப்பின் மேல் ஒட்டுங்கள். அப்புறம் கான்கிரீட் ஊற்றுங்கள்.